அண்ணியார் தொட்டுப் பார்த்த கால்கள்

எங்கள் அண்ணியார் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய பாதத்தை அவர் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திருப்பார். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில்தான் தொடங்கியது.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பால்மரம் வெட்டிய பெற்றோருக்கு மூத்த மகளாக அண்ணியார் பிறந்தார். ஜப்பான்காரன் ஆண்ட போர்க்காலத்தில் தந்தையை இழந்தார். மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்தே தம்பி தங்கையரைக் கரைசேர்த்தார். சண்டை ஓய்ந்ததும் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டப் போனவர், படித்துத் தேறி, வெள்ளை உடுப்புப் போட்ட தாதியாகி, ஊருக்கெல்லாம் 'மிஸ்ஸி' ஆனார்.

எங்கள் அப்பா சாலை வேலை ஆட்களை மேய்க்கும் மண்டோர். இனிப்பு நீர் என்னும் சர்க்கரை நோய் உள்ளவர். நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் அவரைப் போலப் பேச்சுப் பிரியர் கிடையாது என்பார்கள். நாலு கடை தள்ளிப் போனால் நிற்பார், யாரையாவது கூப்பிட்டுப் பேசுவார். மீண்டும் நாலு கடை, மீண்டும் பேச்சு. சாமான் கடை ராவுத்தர், "மண்டோரு கோயிலுக்குக் கெளம்புனா, பூசை முடிஞ்சிதான் போய்ச் சேருவாரு" என்று சிரிப்பார். கெண்டைக்கால் கல்லாய் இறுகி வலிப்பதால்தான் அப்பா நின்றார். யாரிடமும் சொன்னதில்லை. நின்றால் விட்டுவிடும் வலியை அவர் நோயாகவே எண்ணவில்லை.

அண்ணன் திருமணத்தன்று பாத பூசை நடந்தது. புது மருமகள் மஞ்சள் நீர் ஊற்றி அப்பாவின் வலது பாதத்தைக் கழுவினார். இடது பாதத்தைப் பிடித்தவர் விடவே இல்லை. அதன் மேல் இரண்டு விரலை வைத்துக் குனிந்தபடியே இருந்தார். நாயனக்காரர் வாசித்து வாசித்துக் களைத்துப் போனார்.

"என்னம்மா, மாமனாரு காலுல தங்கம் ஏதும் கெடைச்சிதா?" என்றார் எங்கள் அத்தை.

"மாமா, இந்தக் காலு மட்டும் ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு? நாடி தட்டவே இல்லியே!"

"நல்ல கூத்து! வந்த அன்னிக்கே மாமனாரு காலை வாருறா பாரு!" என்றார் அத்தை.

கூட்டம் சிரித்தது. அண்ணியாரும் சிரித்தார். காலை மட்டும் விடவில்லை. சுண்டுவிரல் இடுக்கில் கறுத்த புண் ஒன்று இருந்தது. அப்படியொன்று இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது.

"நடந்தா வலிக்கும், நின்னா விட்டுரும். சரியா மாமா?"

"ஒனக்கு யாரும்மா சொன்னா?"

"நீங்கதான். பொண்ணு பாக்க வந்தப்ப, எங்க வீட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள எத்தன பேருகிட்ட நின்னு பேசுனீங்க!"

மறுநாளே, மாலையின் வாசம் போகாத கையோடு, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் காலைத் தூக்கிப் பிடித்தார். பாதம் வெளுத்துப் போனது. இரத்தம் சரியாக இறங்கவில்லை, இன்னும் தாமதித்திருந்தால் முழங்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றார். "காலில்லாத மண்டோருக்கு ரோட்டுல என்ன வேலை?" என்று அப்பா அழுததை அன்றுதான் கண்டோம். ஆனால் சுண்டுவிரலை மட்டும் எடுத்ததோடு போயிற்று. கால் தப்பியது.

வீடு திரும்பியதும் அண்ணியாரின் ஆட்சி தொடங்கியது. சுருட்டு குப்பைக்குப் போனது. கெட்டிப் பால் தேநீர் நின்றது. செருப்பில்லாமல் வாசல் இறங்கக்கூடாது. டாக்டர் சொன்னபடி மாலைதோறும் நடை.

"வலிக்குதும்மா."

"வலிச்சா நில்லுங்க மாமா. ஆனா பேச்சு மட்டும் வேணாம். வலி விட்டதும் நடக்கணும்."

மாதங்கள் ஓடின. சுதந்திரம் பேச லண்டனுக்குப் போன தலைவர்கள் 'மெர்டேக்கா' என்னும் சுதந்திரச் செய்தியோடு பண்டார் ஹிலிர் திடலுக்கு வருகிறார்கள் என்று ஊரே திரண்டது. அண்ணன் மூன்று சக்கரப் பேச்சா வண்டி பிடிக்கப் போனார். அப்பா மறித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

ராவுத்தர் கடைக்குள்ளிருந்து, "என்ன மண்டோரே, நம்மள தாண்டிப் போறீங்க? கோவமா?" என்று கத்தினார்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேரமில்ல ராவுத்தரே! மெர்டேக்கா காத்துக்கிட்டு இருக்கு!"

அண்ணியார் அவர் பின்னால் சிரித்துக்கொண்டே நடந்தார். திடலில் ஆயிரம் குரலோடு அப்பாவின் குரலும் எழுந்தது. அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றது எங்களுக்கு இரண்டாவது மெர்டேக்கா.

மறுநாள் காலை ராவுத்தர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "நமக்கும் இனிப்பு நீரு இருக்கு மிஸ்ஸி. கொஞ்சம் காலைப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும், செருப்பு விடும் இடத்துக்கு அருகில் அண்ணியாருக்கு ஒரு நாற்காலி தயாராக இருக்கும். இனிப்பு நீர் உள்ளவர்கள் வரிசையில் வருவார்கள். நாடி தட்டாத காலை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வரிசையில் முதல் ஆள் எங்கள் அத்தை. தெருவில் நின்று நின்று பேசுபவரைக் கண்டால், "பேச்சா, வலியா?" என்று கேட்காமல் அண்ணியார் விடமாட்டார்.

படுக்கையில் விழுந்த பிறகும், பார்க்க வந்தவர்களிடம் "காலைக் காட்டு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

அவரைக் கண்போலக் கவனித்த டாக்டர்கள், தாதியர், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டார், காரியங்களை முன்னின்று நடத்திய கோயில் அன்பர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. இறுதி ஊர்வலத்தன்று வேன் ஏற்பாடு செய்திருந்தோம். வயதான நீங்களே அதில் ஏற மறுத்து, வெயிலில் அவர் பின்னே நடந்து வந்தீர்கள். வழியில் ஒருவரும் நிற்கவில்லை. அந்தக் கால்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.