கணவர்களுக்கு லீவு விட்ட ரோஸ்லின் அக்கா

என் கடையில் காய்கறிப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் அக்காவின் கணவர் ஜெயராஜ் அண்ணன் அழைத்தார். "ரோஸ்லின் போயிட்டாம்மா. வீட்லதான். தூங்கிட்டிருந்தா, அப்படியே." அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீட்டில் போக வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. அது கிடைக்காமலே போயிருக்கும்.

எங்கள் அமெரிக்க ஊரான கேட்டியிலும் சுற்றுப்பக்கத்திலும் மார்பகப் புற்றுநோயோடு வாழும் தமிழ்ப் பெண்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு நடத்தியவர் அவர். எனக்கு நோய் என்று தெரிந்ததும் கடைக்கே வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"கீமோ என்னிக்கு? நான் டிரைவ் பண்றேன்."

"வீட்டுக்காரரு கூட வரேங்கிறாருக்கா."

"வேணாம். நீ அவருக்கு தைரியம் சொல்லிட்டு உக்காந்திருப்ப. ஊசி உனக்கா, அவருக்கா?"

அதுவே நம் குழுவின் சட்டமானது, தோழிகளே, உங்களுக்குத் தெரியும். கீமோ நாளில் கணவர்களுக்கு லீவு. நம்மில் ஒருத்தி வண்டி ஓட்டுவாள், உள்ளேயும் கூட இருப்பாள். ஃப்ரீவேயில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மாமியார் முதல் டாக்டர் வரை எல்லோரையும் திட்டித் தீர்க்கலாம். நான் அழுததெல்லாம் அக்காவின் வண்டியில்தான். வீட்டு வாசலில் சிரித்த முகத்தோடு இறங்குவேன். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது.

எனக்குச் சிகிச்சை முடிந்தது. அக்காவுக்கு நோய் திரும்பியது. போன கோடையில் ஒருநாள் அவரை அழைத்துப்போவது என் முறை. மருந்து இனி வேலை செய்யாது, தொடர்வதா நிறுத்துவதா என்பது உங்கள் விருப்பம் என்றார் டாக்டர். "நிறுத்திடலாம்" என்று அக்கா அமைதியாகச் சொன்னார். பார்க்கிங்குக்கு வந்தபின்தான் குரல் உடைந்தது.

"அவர்ட்ட எப்படிடி சொல்லுவேன்? வேற ஊர்ல ஏதோ புது மருந்து ட்ரையலாம், அப்ளை பண்ணிட்டு இருக்காரு. ஒவ்வொரு தடவையும் எல்லாம் நல்லா போகுதுன்னுதானே சொல்லி வச்சிருக்கேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டாக்டர் அறைக்குள் நாம் அத்தனை பேரும் போயிருக்கிறோம், கட்டிக்கொண்ட மனிதர் ஒருவரைத் தவிர. இப்படியே விட்டால் அக்கா ஏதோ ஓர் ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிந்துபோவார்.

"அடுத்த தடவ டாக்டர்ட்ட அண்ணன் வரட்டும். உள்ள வரட்டும்."

"சட்டம் போட்டதே நான்தானே!"

"சரக்கு போகலேன்னா நான் போட்ட விலையை நானே மாத்துறேன். உங்களுக்கு மட்டும் என்ன கிரீடம்?"

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "வியாபாரி புத்தி! சரி, கூட்டிட்டு வா. பின் சீட்ல உக்காரச் சொல்லு."

அடுத்த முறை அண்ணன் பின் சீட்டில் வந்தார். மடியில் ட்ரையல் காகிதங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். பதில்களைக் கேட்டதும் காகிதங்களை மடித்து வைத்தார். பின் அக்காவைப் பார்த்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

"வீட்டுக்குப் போகணும். மீன் குழம்பு சாப்பிடணும். நீங்க வைக்காதீங்க, இவளை வைக்கச் சொல்லுங்க."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கிடைத்தன. வலிக்கு மருந்து கொடுக்க நர்ஸ் வீட்டுக்கே வந்தார். கீமோவின்போது குமட்டிய தாளிப்பு வாசனை அக்காவுக்கு மறுபடி பிடித்தது. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் இப்பதான்டி வாய் ஓயாம பேசுறாரு. தூங்க விட மாட்டேங்கிறாரு" என்று போனில் புகார் சொல்வார். குரலில் அவ்வளவு பெருமை.

அக்காவின் தைரியத்தைப் பலரும் சொல்வீர்கள். நான் எடுத்து வைத்துக்கொள்வது வேறு. ஊருக்கே சட்டம் போட்டவர், தனக்கு அது சரிவரவில்லை என்று தெரிந்த அன்றே அதை மாற்றினார். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவில்லை.

நாளை மறுநாள் எனக்குச் செக்கப். வழக்கம்போல பார்க்கிங்கிலேயே காத்திருக்கிறேன் என்றார் என் வீட்டுக்காரர். உள்ளே வாங்க என்று சொல்லிவிட்டேன்.