நடுவர் உரை

விருது விழாக்களை நான் தனியாக இருந்து பார்ப்பதுதான் வீட்டுக்கு நல்லது. என் கணவர் இதைக் கலியாணமான முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டார். சென்னையில் நடந்த விருது விழா ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் போகிறது என்றால், அன்றைக்கென்று பார்த்து அவருக்குச் சந்தையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். வாசலில் நின்று, "நீர் கத்துறது சென்னைக்குக் கேக்காது, பக்கத்து வீட்டுக்குத்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை உதைப்பார்.

கத்தாமல் என்ன செய்வது? நாலு மணித்தியாலம் நடக்கிற விழாவில் படம் எங்கே இருக்கிறது? ஒரு நடிகர் வருவார். அவர் நடந்து வருவதையே மூன்று பக்கத்திலிருந்து காட்டுவார்கள். பிறகு ஆட்டம். பிறகு அவருக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்பார்கள். ஒலிப்பதிவுக்கு விருது வாங்குகிற மனிதர் மேடையேறி வாயைத் திறக்கும்போது சவர்க்கார விளம்பரம் வந்துவிடும். ஒரு வருடம் இருட்டறைக்குள் இருந்து மழைச் சத்தத்தையும் செருப்புச் சத்தத்தையும் பிரித்துப் பிரித்து வைத்தவர் அவர். அவருக்கு அரை நிமிடம் கிடையாது. நடிப்புக்கோ விருதுக்குப் பஞ்சமே இல்லை. சிறந்த நடிகர் என்று ஒருவருக்கு, மக்கள் விரும்பும் நடிகர் என்று இன்னொருவருக்கு, கோபித்துக்கொண்டு அடுத்த முறை வராமல் விட்டுவிடுவாரோ என்று மூன்றாமவருக்கும் ஒன்று. பந்தியில் இருந்த எல்லோருக்கும் வடை வைப்பது போல வைத்துக்கொண்டே போவார்கள்.

அந்தப் படங்களில் நாங்கள் வந்தால் இன்னும் மோசம். இலங்கைத் தமிழர் ஒருவர் திரையில் வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் அழ வேண்டும். மழையும் பெய்ய வேண்டும். எதற்கெடுத்தாலும் ஆமாவுக்கு "ஓம்" போட வேண்டும், அதுவும் கோயில் மந்திரம் மாதிரி இழுத்து. ஒரு படத்தில் கிளிநொச்சி என்று எழுத்துப் போட்டுக் காட்டிய இடத்தில் பின்னால் மலை தெரிந்தது. மலைக்கு நாங்கள் எங்கே போவது? எங்கள் ஊரில் ஆக உயரமான பொருள் தண்ணீர்த் தாங்கிதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, புதுப்படம் வந்தால் முதல் வாரமே வவுனியாவுக்கு பஸ் ஏறுகிறவளும் நான்தான். இடைவேளைக்குப் பிறகு கதை கெட்டுப்போகும் என்று தெரியும். தெரிந்தும் போவேன். விளக்கு அணைந்து திரை வெளிக்கிற அந்த ஒரு கணத்தில் எனக்கு எவர்மேலும் கோபம் இல்லை. அதற்காகத்தான் இவ்வளவு திட்டும். விருப்பம் இல்லாத ஒன்றை யாராவது முப்பது வருடம் திட்டுவார்களா?

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். முகநூலில் படங்களைப் பற்றி எழுதுவேன். எழுதுவது என்ன, திட்டுவதுதான். அதை வாசித்துவிட்டு, கிளிநொச்சியில் ஒரு கலை மன்றத்தார் குறும்படப் போட்டிக்கு என்னை நடுவராகக் கேட்டார்கள். மூன்று நடுவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி, மற்றவர் நாடகக்காரர். கணவர் விஷயத்தைக் கேட்டதும், வேலியில் போன ஓணானை அவர்கள் மடியில் கட்டிக்கொள்கிறார்கள் என்றார்.

பத்தொன்பது படங்கள் வந்திருந்தன. அவற்றில் பாதி, வானத்திலிருந்து குளத்தைக் காட்டித் தொடங்கின. பறக்கிற கமராவை வாடகைக்கு எடுத்தவன் அதைக் கீழே இறக்கத் தெரியாமல் நிற்கிறான் என்று நினைத்தேன். பின்னால் புல்லாங்குழல். குடிகாரத் தகப்பன். கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு புத்திமதி. அதற்குப் பிறகு நன்றிப் பட்டியல். ஒரு படத்தில் நன்றிப் பட்டியல் படத்தை விட நீளமாக இருந்தது.

பதினான்காவதாகப் பார்த்தது ஏழு நிமிடப் படம். துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தாள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். பகலில் தையல் வேலை செய்கிறவள். படத்தில் ஒரு வயதான மனிதர் காணிப் பத்திர விஷயமாக அரசாங்கக் கந்தோருக்குப் புறப்படுகிறார். அவ்வளவுதான் கதை. தணல் போட்ட கரிப்பெட்டியால் சேர்ட்டைச் சுருக்கமில்லாமல் அழுத்துகிறார். அதைப் போட்டு, தெறிகளைத் துளை துளையாக மேலிருந்து கீழாகப் பூட்டி, ஒன்று மாறிப் பூட்டியதைக் கண்டு எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டுகிறார். கடிதங்களைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு தரம் மடிக்கிறார். போகிறார். கந்தோரைக் காட்டவில்லை. பின்னேரம் வருகிறார். சேர்ட்டை மெதுவாகக் கழற்றி, கழுத்துப் பட்டியை வெளிச்சத்தில் பிடித்து அழுக்குப் பட்டிருக்கிறதா என்று பார்த்து, கொடியில் போடுகிறார். அடுத்த கிழமையும் கந்தோருக்கு அதையேதான் போட வேண்டும். படத்தில் ஒரு சொல் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. நான் வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்து மற்ற இரண்டு நடுவர்களும் எனக்குச் சுகமில்லையோ என்று கேட்டார்கள்.

முதற்பரிசு அதற்குத்தான் என்று சண்டை பிடித்தேன். அதிகாரிக்குப் படத்தில் "செய்தி" இல்லை என்பது குறை. நாடகக்காரருக்கு வசனம் இல்லை என்பது குறை. இரண்டு பின்னேரம் வாதாடி வென்றேன். அதோடு விடாமல், பரிசு கொடுக்க முன்னரே அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட வேண்டும் என்று மன்றச் செயலாளரிடம் வாக்கும் வாங்கினேன். விருது விழாக்களுக்குள் படம் காட்டுகிற முதல் விழா இதுவாக இருக்கட்டும் என்றேன். அவர் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு நானே அழைத்துச் சொன்னேன். படத்தில் நடித்தது அவளுடைய அப்பாவாம். தகப்பனுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது, கைப்பேசியில் பார்த்தால் நிழல் ஆடுவது மட்டும்தான் தெரிகிறது என்றாள். நடிக்கக் கேட்டபோது, என்னை யார் பார்ப்பார்கள் என்று சிரித்தாராம்.

"அவர் தன்னைத் தான் ஒருக்காப் பாக்கவேணும், ரீச்சர். பெரிசாப் போட்டா அவருக்குத் தெரியும். ஆனா எங்கட பக்கத்துக்குக் கடைசி பஸ் அஞ்சேகாலுக்கு."

"ரெண்டு மணிக்குத் தொடங்கிறது. படம்தான் முதல். நான் பொறுப்பு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

வந்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். அவர் படத்தில் போட்ட அதே சேர்ட்டைப் போட்டிருந்தார். எனக்குக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது, திரையும் தயார். பிரதம அதிதியைத்தான் காணவில்லை. அவர் வராமல் ஒன்றும் தொடங்கக் கூடாது. அது எழுதாத சட்டம். கால் மணிக்கு ஒரு தரம் செயலாளர் வாசலுக்கு ஓடினார். மூன்று மணிக்கு அதிதி வந்தார். வாசலிலிருந்து மேடை வரை மேளம், மாலை. பிறகு விளக்கேற்றல். விளக்கில் இருந்தது ஏழு திரி. ஒவ்வொரு திரிக்கும் ஒருவரைப் பதவியோடும் பட்டத்தோடும் அழைத்து, அவர் கதிரையால் எழும்பி, செருப்பைக் கழற்றி, மெழுகுதிரியை வாங்கி ஏற்ற, விசிறிக் காற்றில் முதலாவது திரி நூர்ந்துவிட்டது. அதை ஏற்றியவரைத் திரும்ப அழைத்தார்கள்.

ஆசியுரை. வரவேற்பு நடனம். வரவேற்புரை. தலைமையுரை. வாழ்த்துரை இரண்டு. பேச வந்த ஒவ்வொருவரும் மேடையில் இருந்த அத்தனை பேரையும் திரும்ப முதலிலிருந்து விளித்தார்கள். ஒருவரை விட்டுவிட்டால் அவருடைய முகம் பத்து வருடத்துக்குக் கறுத்திருக்கும் என்று எல்லோருக்கும் பயம். ஒருவர் விளித்து முடித்துவிட்டு, "நேரத்தைக் கருத்தில் கொண்டு சுருக்கமாக" என்று தொடங்கிக் கால் மணித்தியாலம் பேசினார். நான் மேடையில் நடுவர் கதிரையில் இருந்து பல்லைக் கடித்தேன். படம் எப்போது என்று செயலாளரின் காதில் கேட்டேன். பிரதம அதிதிக்கு வேறொரு விழா இருக்கிறதாம், அதனால் பரிசை முதல் கொடுத்துவிட்டு உடனே படம் என்றார். கேடயங்கள் கொடுபட்டன. பங்குபற்றிய எல்லோருக்கும் கேடயம், ஒலிபெருக்கி கட்டியவருக்குப் பொன்னாடை. அந்தப் பெண் வந்து முதற்பரிசை வாங்கினாள். வாங்கும்போதே கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. பிரதம அதிதி போனார். அவரோடு பாதி மேடையும் போனது.

அப்போது நாலு முப்பத்தைந்து. அறிவிப்பாளர், நடுவர் உரையைத் தொடர்ந்து படம் என்றார். நடுவர் சார்பில் என்னை அழைத்தார்.

நான் எழும்பி, படத்தைப் போடுங்கோ என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் எழும்பினேன். சத்தியமாக.

ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றதும் என் வாயிலிருந்து வந்தது வேறு. "ஏழு நிமிசத்தில சொல்லவேண்டியதைச் சொல்லி முடிச்ச பிள்ளை ஒண்டு இதுக்குள்ள இருக்கிறா. நாங்கள் ரெண்டரை மணித்தியாலமா இன்னும் தொடங்கவேயில்லை" என்றேன். மண்டபம் கைதட்டியது. யாரோ பின்னாலிருந்து விரலை வாய்க்குள் வைத்துச் சீக்காய் அடித்தார்கள். முப்பது வருடமாகத் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தியவளுக்கு முதன்முதலாக ஒரு சபை கைதட்டுகிறது. விட மனம் வருமா? விளக்குத் திரியில் தொடங்கினேன். விளிப்புகளுக்குப் போனேன். பறக்கிற கமராவுக்குப் போனேன். ஒலிப்பதிவுக்காரரையும் சவர்க்கார விளம்பரத்தையும் சொன்னேன், சிரித்தார்கள். கிளிநொச்சியில் முளைத்த மலையைச் சொன்னேன், இன்னும் சிரித்தார்கள். படத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுப் படத்தைக் காட்டப் பழக வேண்டும் என்பதை நாலு விதமாகச் சொன்னேன்.

இடையில் மூன்றாம் வரிசையில் அந்தப் பெண் தகப்பனின் முழங்கையைத் தொடுவதைக் கண்டேன். அவர் எழும்பி, வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி நடைபாதைக்கு வந்து, மேடையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த வசனம் நாக்கு நுனியில் நின்றது, அதைச் சொன்னேன்.

நான் பேசி முடித்துக் கதிரையில் இருக்கும்போது ஐந்து மணி. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். அந்த மனிதர் சுவர் முழுக்க நின்று சேர்ட்டை அழுத்தினார். மாறிப் பூட்டிய தெறி ஒரு கோப்பைத் தட்டளவு தெரிந்தது. அவ்வளவு சனத்தில் ஒரு இருமல் இல்லை. நான் மூன்றாம் வரிசையைத் தேடினேன். திரையின் வெளிச்சத்தில் இரண்டு வெறும் கதிரைகள் தெரிந்தன. செயலாளர் குனிந்து, அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள், ரீச்சர் பேசிக்கொண்டிருந்ததால் குழப்பவில்லை என்றார்.

பஸ் நிலையத்துக்கு அவருடைய நடையில் இருபது நிமிடம். ஏழு நிமிடப் படம். இருபத்தைந்து நிமிட உரை. பிள்ளைகளுக்குக் கழித்தல் படிப்பிக்கிறவள் நான்.

அடுத்த நாள் காலையில் அழைத்து, மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். அந்தப் பெண் அவசரமாக, "பரவாயில்லை ரீச்சர்" என்றாள். தொடர்ந்து, "கந்தோரில பேந்து ஒருநாளைக்கு வாங்கோ எண்டு சொல்லிச் சொல்லி அவருக்குப் பழக்கம்தானே" என்றாள். அதில் குத்தல் இல்லை, உள்ளதைத்தான் சொன்னாள். குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு தகப்பன் கைப்பேசியை வாங்கினார்.

"ரீச்சரம்மா, நல்லா பேசுனீங்க. இங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுக்கப்புறம் படத்த போட்டாங்களா? நான் பெருசா தெரிஞ்சனா?" என்று கேட்டார்.

ஓம் ஐயா, சுவர் முழுக்க என்றேன். சேர்ட்டும் தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது என்றேன். தெறி மாறிப் பூட்டியது? அதுவும் தெரிந்தது, சனம் மூச்சுவிடவில்லை என்றேன். சொல்லுங்கம்மா, சொல்லுங்க என்றார். கரிப்பெட்டியிலிருந்து கொடி வரைக்கும் நான் சொல்லச் சொல்ல, அவர் அங்கே துணுக்காயில் "ம்" கொட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய படத்தைப் பற்றி இன்னமும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.