அண்ணனுக்கு ஆதங்கம், எனக்கு வெறி

அண்ணே, என் வாசகத்தைப் பிடுங்கியது நீங்கள்தான். சாமியார் அல்ல, பாடகர் குழு அல்ல. நம் கோயில் தமிழ்ச் சபையின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் செய்தீர்கள். அதற்கு உங்களுக்கு ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசி, சிங்கப்பூர். ஞாயிறு தமிழ்ப் பூசையில் பைபிளிலிருந்து வாசிக்கும் முதல் வாசகம் என்னுடையது. வாரம் முழுவதும் கப்பல் கம்பெனியில் ஆங்கிலத்தில் டைப் அடிப்பவள் நான். நாலு பேர் கேட்கத் தமிழை உரக்கச் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அந்தப் பீடம் ஒன்றுதான். புக்கிட் மேரா வீட்டில் துணி மடித்துக்கொண்டே வாசித்துப் பழகுவேன். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டும் வரை.

பூசை முடிந்தால் பின்கூடத்தில் வடையும் காப்பியும் உண்டு. காப்பி கலக்குவது என் தோழி. அன்று சர்க்கரை போட மறந்துவிட்டாள். நீங்கள் ஒரு வாய் குடித்தீர்கள். உடனே கப்பும் சாசரும் பறந்தன. காப்பி அவள் கையில் கொட்டியது.

"காப்பியா இது? கழனித்தண்ணி! மாட்டுக்கு வைக்கிறியா?" என்றீர்கள்.

நானும் கத்தினேன். மறுக்கவில்லை.

"அண்ணே, அவ கை வெந்துபோச்சு பாருங்க! சர்க்கரை வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே? கப்ப எதுக்குத் தூக்கி அடிக்கிறீங்க?"

ஒரே கூடம், ஒரே நேரம், இரண்டு பேரும் கத்தினோம். சத்தத்தில் நீங்கள்தான் பெரியவர். ஆனால் சனங்கள் வடையைத் தின்று முடிப்பதற்குள் ஆளுக்கேற்றபடி சொற்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"பாவம், அண்ணன் ஆதங்கப்பட்டுட்டாரு."

"கொஞ்சம் சூடாயிட்டாரு, அவ்ளோதான் லா."

சபைப் பொருளாளர் மேடைப் பேச்சுக்காரர். 'தார்மிகக் கோபம்' என்றார். சர்க்கரை இல்லாத காப்பியில் என்ன தர்மம் கெட்டது என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு வந்தவை வேறு. "வள்ளுன்னு விழுந்தா பாத்தியா?" அது நாய்க்குச் சொல்வது. "என்னா ஆட்டம்! சாமி வந்த மாதிரில்ல ஆடுறா!" நம் கோயிலில் யாரும் சாமியாடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிற அக்கா சொன்னது அது. கடைசியில் நீங்கள் சொன்னீர்கள்: "வெறி பிடிச்சவ. இவளப் போயி பீடத்துல ஏத்துறதா?"

அதற்குப் பிறகு என் காது இதற்கென்றே திறந்திருந்தது. சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் முதலாளி சீறினால் கண்டிப்பு. விற்கிற பெண் முகத்தைச் சுளித்தாலே திமிர். மாப்பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் ரோஷம்; அதே தட்டை மருமகள் நங்கென்று வைத்தால் கொழுப்பு. காசுள்ளவர் எரிந்து விழுந்தால் அவருக்குப் பிரஷர். ஆண்டவருக்கு வருவது மட்டும் சினம், அதைப் பீடத்தில் வாசிப்பார்கள். என் அலுவலகத்து மலாய்க்காரப் பெண்ணுக்கு இந்தத் தொல்லையே இல்லை. மேனேஜர் கத்தினாலும் கூட்டுகிறவர் கத்தினாலும் "நாயிக் ஆங்கின்" என்பாள். காற்று ஏறிவிட்டதாம். எல்லாருக்கும் ஒரே காற்று.

அடுத்த ஞாயிறு என் வாசகம் உங்கள் மருமகளுக்குப் போயிற்று. ஒவ்வொரு வரியாகத் தடுக்கி விழுந்து வாசித்தாள். பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளை வாசிக்க ஆளுக்கொரு பங்காகப் பிரித்தீர்கள். எனக்கு, 'சிலுவையில் அறையும்' என்று கூச்சல் போடும் கூட்டத்தில் இடம்.

"ஒனக்குத்தான் நல்ல தொண்டையாச்சே! நின்னு கத்து," என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

கத்தினேன். வருடா வருடம் கத்துகிறேன். நீங்கள் சொல்லிக் கத்தினால் அதற்குப் பெயர் பக்தி.

எண்பதுகளில் பாதி போய்விட்டது. தோழி கிளமெண்டிக்கு வீடு மாறிப் போய், அங்கே பக்கத்துக் கோயிலில் ஆங்கிலப் பூசைக்குப் போகிறாள். நீங்கள் இன்னும் தலைவர். உங்களுக்கு இன்னும் கோபமே வருவதில்லை. ஆதங்கம் மட்டும் வருகிறது, கூட்டத்துக்குக் கூட்டம். இடையில் இரண்டு முறை வாசகத்தைத் திருப்பிக் கேட்டேன். "பொறுமையா இரு, பாக்கலாம்," என்று வாசற்படியில் வைத்து, யார் காதிலும் விழாமல் சொன்னீர்கள்.

அந்த வாசற்படிப் பதில் வேண்டாம். வெறி என்று எல்லார் முன்னாலும்தான் சொன்னீர்கள். வருகிற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அன்று ஒரு பெண்ணின் கையைச் சுட்டது யார்? பீடத்திலிருந்து இறக்கப்பட்டது யார்? ஏன்?