பொன்னுத்தாய் வாசலில் திரும்பிய பஸ்

காலமெல்லாம் சர்க்கார் பஸ் ஓட்டியவன் நான். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸை ஒரு இடத்துக்குக் கொண்டுபோக எந்த மடையனாலும் முடியும். திருப்பிக்கொண்டு வருவதில்தான் சங்கதி இருக்கிறது. இது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆபீசர் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் செங்கழனி காலனிப் பொன்னுத்தாய்க்கு அவ்வளவு பாடு வந்திருக்காது. போன மாசிமகத்துக்கு முன்னால் அந்த அம்மா தன் வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டாள். தன் வீட்டிலேயே என்பதை அழுத்தித்தான் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே செங்கழனிப் பண்ணையில் நடவு நட்டவள் பொன்னுத்தாய். புருஷன் இல்லை, நீலாம்பாள் என்று ஒரே மகள். குடிசை இருந்தது பண்ணையார் மண்ணில். கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டுச் சங்கம் கொடி பிடித்த வருஷம், பெண்களில் முன்னால் நின்றவள் அவள்தான். அறுப்பு முடிந்த கையோடு பண்ணை ஆட்கள் வந்து கீற்றைப் பிரித்து வாய்க்காலில் எறிந்தார்கள். "என் எடத்துல இருந்துக்கிட்டு எனக்கே கொடி பிடிக்கிறியா?" என்றாராம் பண்ணையார். இடம் அவருடையதுதானே. அப்புறம் ஆற்றங்கரையில் ஒண்டிக் கிடந்தாள். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். தாயும் மகளும் அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பார்களாம்.

கழக ஆட்சியில் இலவச மனைப்பட்டா வந்தது. ஊர்த்தெருவுக்கு அப்பால், வாய்க்காலை ஒட்டிய புறம்போக்கில் வரிசையாக மனை அளந்து கொடுத்தார்கள். ஊரோடு நின்றிருந்த ரோட்டையும் அதுவரை நீட்டிக் கப்பி கொட்டினார்கள். ரோடு முடிகிற இடத்தில், கடைசி மனை பொன்னுத்தாய்க்கு விழுந்தது. பட்டாவை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெறும் மண்ணில் உட்கார்ந்து அழுதாளாம். அழமாட்டாளா பின்னே? "இனிமே எவனும் என்னய எந்திரின்னு சொல்ல முடியாது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். நடவுக்குப் போய்வந்த இடுப்புவலியோடு தானே மண் மிதித்து, ரோட்டை ஒட்டிச் சுவர் வைத்தாள்.

அதே சமயத்தில்தான் எங்கள் ஆபீசிலும் அந்தக் காலனிக்கு ஒரு டவுன் பஸ் போட்டார்கள். நல்ல காரியம், யார் இல்லை என்றது? ஆனால் மனை அளந்த ஆபீசும் ரூட் போட்ட ஆபீசும் ஒரு டீக்கடையில்கூடச் சந்தித்துக்கொண்டதில்லை போலிருக்கிறது. பஸ் திரும்புவதற்கு ஒரு முழம் இடம் விடவில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் மனைகள், நேர் எதிரே பண்ணையார் வயல். அவ்வளவுதான்.

வெள்ளோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். கண்டக்டர் அதிராம்பட்டினத்து அப்துல் அஜீஸ். காலனியே மாலையும் கையுமாக நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். நானோ இறங்கி நாலாபுறமும் பார்த்துவிட்டு, "பாய், வந்தது வந்துட்டோம். போறது எப்புடி?" என்றேன்.

"எங்கிட்ட கேட்டா? நான் டிக்கெட்டுதான் கிழிப்பேன்" என்றார் அஜீஸ்.

"தினமும் ஊர்த்தெரு வரைக்கும் பின்பக்கமாவே போவ முடியாதுங்க. என்னைக்காச்சும் ஒரு நாளு வாய்க்கால்ல கவுந்துரும். பஸ் விட முடியாதுன்னுதான் நான் ஆபீசுல சொல்லுவேன்" என்று கூட்டத்திடம் சொன்னேன். குலவை அடங்கிவிட்டது.

சங்கத்து முருகையன் ஓட்டமாக ஓடி, வயல் மூலையில் கொஞ்சம் இடம் விடச் சொல்லிப் பண்ணையாரைக் கேட்டார். "மொதல்ல கூலி கேட்டீங்க, அப்புறம் மனை கேட்டீங்க, இப்ப வயலா?" என்று அவர் உள்ளே போய்விட்டாராம். திரும்பி வந்த முருகையன் பொன்னுத்தாய் மனையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க மனசு வச்சா..." என்று இழுத்தார் முருகையன்.

"என்ன மனசு வைக்கணும்?" பொன்னுத்தாய் மண்வெட்டியோடு வந்து சுவருக்கு முன்னால் நின்றாள். "ஏன் தோழர், ஒங்க மனையக் குடுங்களேன்! இல்லாதவகிட்ட கேக்குறதுன்னா மட்டும் எல்லாருக்கும் வாய் வரும். என் மண்ணுல சக்கரம் ஏறிச்சு, அப்புறம் நடக்குறதே வேற!"

"ஒருத்தியால காலனிக்கே பஸ் போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எனக்கு வந்ததே கோபம்! "வெக்கமா இல்ல ஒங்களுக்கு? ஒண்டியா நிக்கிற பொம்பளன்னா ஆளாளுக்குப் பேசுறதா? மனை முழுசும் வேணும்னு நான் சொன்னேனா? வண்டியோட பின்பக்கத்த நொழைச்சு ஒடிச்சுத் திருப்ப, முன்னால பாதி இருந்தாப் போதும்" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அந்த முன்பாதியில்தான் அவளுடைய சுவர் இருந்தது.

அவள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அப்புறம், "எதுவரைக்கும் வரும்? காட்டுங்க" என்றாள். நான் உள்ளே நடந்துபோய்க் குதிகாலால் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோட்டைப் பார்த்தாள். கூட்டத்தில் புருஷனோடு நின்ற நீலாம்பாளைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க டிரைவர், பாப்போம்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குப் பின்பக்கமாகவே ஊர்வரை வண்டியை எடுத்து வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அடுத்த வாரமே மறுபடி வரச்சொல்லி ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் சுவர் இல்லை. அந்த இடத்தில் செங்கல் ஜல்லி பரப்பி, நடவுப் பெண்கள் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்குப் பின்னால் புதுச்சுவர் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி, வீடு ஒற்றை அறையாகிவிட்டது.

"ஏம்மா, கட்டுன சொவர நீங்களேவா இடிச்சீங்க?"

"பின்ன யார் இடிப்பா?" கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். "நீலாம்பாளுக்குத் தலப்பிரசவத்துல வலி எடுத்தப்ப கட்டில்ல வச்சு வரப்பு வரப்பாத் தூக்கிட்டு ஓடுனோம். மெயின் ரோட்டத் தொடுறதுக்குள்ள புள்ள போயிடுச்சு. இப்ப மறுபடியும் முழுவாம இருக்கா. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆம்பிளை அழலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அவளே வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "வா... வா... இன்னும் வா... நிறுத்து!" என்றாள். ஒரே ஒடிப்பில் வண்டி திரும்பியது.

தை மாதம் நீலாம்பாளுக்கு வலி கண்டபோது முதல் டிரிப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரனை நான் திட்டிய திட்டு இன்னும் அவன் காதில் ஒலிக்கும். பெண் குழந்தை. முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு வேடிக்கை. பஸ் காலனியில் புறப்படுவதால் அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஊர்த்தெருவில் ஏறினால் தொங்க வேண்டியதுதான். காலனிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஊர்க்காரர்களெல்லாம் காலையில் நடந்து வந்து பொன்னுத்தாய் வாசலில் காத்து நின்றார்கள். கூட்டம் கூடியதும் ஆபீசுக்குக் கண் தெரிந்தது. நிழற்குடை கட்டப் போகிறோம் என்று டேப்போடு ஒரு ஆபீசர் வந்தார். அளந்தார், கோட்டுக்குப் பின்னாலும் போய் அளந்தார். அவள் வீட்டு அடுப்படி ஓரத்தில் முளைக்குச்சி அடித்தார்.

"ஒங்களுக்கு வேற எடத்துல மனை தர்றோம்மா. இதவிடப் பெருசு. வயலத் தாண்டி, அமைதியா இருக்கும்."

"அங்க பஸ் வருமா?"

"அது... பின்னால பாத்துக்கலாம்."

பொன்னுத்தாய் குனிந்து அந்த முளைக்குச்சியைப் பிடுங்கினாள். மண்ணைத் துடைத்து, மரியாதையாக அவர் கையில் கொடுத்தாள்.

"பஸ் வரணும்னுதான் வாசல விட்டேன். நான் போவணும்னு விடலங்க."

ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏறுங்க சார், வண்டி கெளம்பப் போவுது" என்றேன். ஏறினார். உள்ளே ஒரு சீட்டும் காலியில்லை. அன்றைக்கு எழுந்து இடம் கொடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. குச்சியை ஒரு கையிலும் கம்பியை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.