மாஸ்டரின் ஒன்பதாவது வாய்தா

"இவனுக்கு ஏழு. அந்த அம்மாவுக்கு ஒன்பது, கோடு பிசகாம விட்டிருக்கு. அந்தக் கறுப்புக் கார் வக்கீலோடதாத்தான் இருக்கும். ரெண்டு பேர் இடத்தை ஒருத்தரே அடைச்சிருக்காரு பாரு." நீதிமன்ற வராந்தாவின் தூணில் முதுகைச் சாய்த்தபடி, எதிரே நிற்கும் வண்டிகளுக்கு மாஸ்டர் மதிப்பெண் போடுகிறார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவி "ம்" கொட்டுவதை மூன்றாவது வாய்தாவோடு நிறுத்திவிட்டாள். இது ஒன்பதாவது.

மாஸ்டர் இருபத்திரண்டு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். அப்பேர்ப்பட்டவர்மேல் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு.

நடந்தது இதுதான். நான்கு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்று ஐந்தாம் முறை தேறிய பல் டாக்டர் ஒருவர், குருவுக்கு மரியாதை செய்ய ஆசைப்பட்டார். இரண்டு கிளாஸ் மரியாதை. மூன்றாவது குருவின் சொந்த முடிவு. வீடு திரும்புகிற வழியில் போலீஸ் தடுப்பு. நின்றிருந்த போலீஸ்காரரும் பழைய மாணவர்.

"மாஸ்டர், நீங்களா? வண்டிய ஓரமா விட்டுட்டுப் பேசாம நடந்து போயிடுங்க. காலையில வந்து எடுத்துக்கலாம்."

வேறு யாராவது என்றால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டியிருப்பார்கள். மாஸ்டர் கண்ணில் தடுப்பு பட்டுத் தொலைத்தது. "வளைவு திரும்பின உடனே தடுப்பு வெச்சிருக்கியே, வர்றவன் எங்கடா பிரேக் போடுவான்? இதுக்காடா நாப்பது நாள் தொண்டை கிழியக் கத்தினேன்?" நாக்குக் குழறக் குழறக் கால் மணி நேரப் பாடம். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் கேட்டார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள். அதற்குமேல் போலீஸ்காரர் என்ன செய்வார், பாவம்? கருவியை நீட்டினார். "ஊதுங்க மாஸ்டர்."

மறுநாளே தடுப்பு ஐம்பதடி தள்ளி வைக்கப்பட்டது. இது வழக்கில் சேராது.

உரிமம் போய்ப் பதினாலு மாதம். ஒரு வாய்தாவுக்கு நீதிபதி லீவு. ஒன்றுக்குச் சாட்சி வரவில்லை. ஒன்றில் கோப்பையே காணோம். "இழுத்துக்கிட்டே போனா சூடு ஆறிடும்" என்றார் வக்கீல். வழக்கின் சூடு ஆறவில்லை, மாஸ்டர்தான் ஆறிப்போனார். பயிற்சிப் பள்ளியில் இப்போது அவருக்குக் கரும்பலகை வேலை: சிவப்பு முக்கோணம் வரைந்து "இது என்ன?" என்று கேட்பது. முதலாளி போன வாரம் பக்குவமாகச் சொல்லிவிட்டார்: "அண்ணே, இந்தத் தடவை லைசென்ஸ் வந்துட்டா கார் உங்களுக்கு. வரலைன்னா நான் வேற ஆள் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"குத்தத்தை ஒத்துக்கிட்டு, அபராதத்தைக் கட்டிட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி. "இன்னும் எத்தனை நாள் இந்தத் தூணுக்கு முட்டுக் குடுப்பீங்க?"

ஒத்துக்கொண்டார். நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன தொழில்?"

"கார் ஓட்டக் கத்துக் குடுக்கிறேங்க."

எழுத்தர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. "அந்த வளைவுல தடுப்புக்குப் பதிலா ஒரு ஆள் நின்னிருந்தா?"

கேள்வி கேட்பவனை மடக்கியே பழகிய மாஸ்டரின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தியது. அபராதம்; உரிமம் இன்னும் இரண்டு வருடத்துக்கு ரத்து. மொத்தம் நாலு நிமிடத்தில் முடிந்தது.

வெளியே மனைவி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "உனக்கெதுக்கு? நான் இல்லையா?" என்றே அவர் காலத்தை ஓட்டிவிட்டதால், எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து போன மாதம்தான் உரிமம் வாங்கியிருந்தாள். மாஸ்டர் பின்னால் ஏறினார். நாற்சந்தியில் அவள் வேகத்தைக் குறைத்ததும், மாஸ்டர் திரும்ப வேண்டிய பக்கம் கையை விறைப்பாக நீட்டினார். வண்டி திரும்பி, நேர்ச்சாலையில் வெகுதூரம் வந்த பிறகும் அந்தக் கை மடங்கவில்லை.