ரோஜாப்பூ போட்டு மறைத்த பாட்டு

பாட்டுக்குப் படம் பிடிப்பவன் வேலை, பாடுகிறவரின் வாயும் பாட்டும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும்படி பார்த்துக்கொள்வது; மற்றதெல்லாம் பூவும் புகையும்தான். பெங்களூர் விவேக் நகரில் சின்னதாக ஒரு வீடியோ கடை வைத்து, கல்யாணங்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் படம் எடுத்தவன் நான். இதே தொழிலில், வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து நின்றவர்களே, வாருங்கள், சேர்ந்தே நிற்போம்.

களைத்த பேட்டரி

தொண்ணூறுகளின் தொடக்கம். சிசிலியா அக்கா வாரமெல்லாம் கார்மென்ட்ஸில் தைப்பார், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பாடுவார். தான் பாடிய மாதா பாட்டுக் கேசட்டோடு கடைக்கு வந்தார். "இதுக்குப் படம் வேணும் தம்பி. கோலார்ல எங்கக்கா இருக்கு. காய்ச்சல்ல காது போயிடுச்சு, வாயப் பாத்துத்தான் பேசுறதப் புரிஞ்சிக்கும். நேர்ல பாடினா ரெண்டு வரிக்குள்ள ரெண்டு பேரும் அழுதுடுறோம். முழுப் பாட்டையும் அது ஒரு தடவ பாக்கணும்" என்றார்.

அன்றைக்குப் பாட்டுப் படம் என்றால், பாடுகிறவர் ஒரே இடத்தில் நிற்பார், பின்னால் செடி இருக்கும். லால்பாக் பூங்காவில் நிற்கவைத்தேன். டேப் ரிக்கார்டரில் பாட்டை ஓடவிட்டு, கூடவே பாடச் சொன்னேன். வெயில் ஏற ஏற அதன் பேட்டரி களைத்தது. "என் குரல் ஆம்பளக் குரல் மாதிரி வருதே தம்பி?" என்றார். "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கக்கா" என்று கன்னடம் கலந்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். பேட்டரி களைத்தால் பாட்டு மெதுவாகும். அவரும் அதற்கேற்ப மெதுவாகப் பாடியிருக்கிறார். கடைக்கு வந்து சரியான வேகத்தில் பாட்டைச் சேர்த்துப் பார்த்தேன். பாட்டு முடிந்த பிறகும் அவர் வாய் பாடிக்கொண்டிருந்தது!

மறுபடி எடுக்க அவருக்கு லீவு கிடைக்காது. வாய் பொருந்தாத இடத்திலெல்லாம் ஒரு ரோஜாவைப் போட்டு மறைத்தேன். கடைசியில் அது ரோஜாத் தோட்டத்தின் படமாகிவிட்டது. கோலாரில் பக்கத்து வீட்டு வீடியோ டெக்கில் போட்டுக் காட்டிவிட்டு வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரோஜா ரொம்ப நல்லா இருக்குன்னுச்சு எங்கக்கா. பாடினது யாருன்னு கேட்டுச்சு தம்பி."

எண்ணிப் பாடியவள்

பிறகு கேபிள் டிவி வந்தது. பாடுகிறவர் ஒருவர், படத்தில் வாயசைப்பவர் வேறொருவர் என்று ஆனது. வெள்ளை உடை, டேபிள் ஃபேன் காற்று, இடுப்பளவு புகை. சிசிலியா அக்காவின் பாட்டுகளை வெளியிட்ட கேசட் கடைக்காரரும் அப்படித்தான் வேண்டும் என்றார். தொம்மலூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை அழைத்து வந்தோம். நல்ல பெண், ஆனால் கன்னடம்தான் தெரியும்; தமிழ் வரிகள் வாயில் நிற்கவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எண்களைச் சொல்லச் சொல்லிவிட்டால் உதடு அசையும், பார்ப்பவருக்குத் தெரியாது. அவளும் ஒந்து, எரடு, மூறு என்று கண்ணீர் மல்கச் சொன்னாள்.

"ஒரு ஓரத்துலயாவது என்னை வச்சுப் பாட விடு தம்பி" என்று கேட்டார் சிசிலியா அக்கா. கையில் மெழுகுவர்த்தியோடு நிறுத்தினேன். புகை வந்து அவரை மூடியது. நான் கேமராவை நகர்த்தவில்லை. அடுத்த வாரம் கோலாரிலிருந்து வந்து சொன்னார்: "எங்கக்கா கேக்குது தம்பி, அந்தப் பொண்ணு எதுக்கு மாதாவுக்குக் கன்னடத்துல எண்ணிக் காட்டுதுன்னு."

கம்ப்யூட்டர் வந்த பிறகு

இரண்டாயிரத்துக்குப் பிறகு கடன் வாங்காத குறையாகக் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஒவ்வொரு மேள அடிக்கும் ஒரு காட்சி மாற வேண்டும், அதுதான் அப்போதைய நாகரிகம். பழைய குறைக்கு ஈடாக, இந்த முறை சிசிலியா அக்காவின் முகத்தை மட்டும் எடுத்தேன். எடுத்ததை இடமும் வலமும், தலைகீழாகவும்கூடச் சுழலவிட்டேன். ஒரு சொல்லை அவர் வாய் முடிப்பதற்குள் படம் அடுத்த பக்கம் திரும்பிவிடும். சிடியை என் கையாலேயே பெருமையாகக் கொடுத்தனுப்பினேன். "பாதியில டிவிய அணைச்சுட்டு, எங்கக்கா தலவலி மாத்திரை கேட்டுச்சு தம்பி."

மறைக்காத பாட்டு

மறு வருஷம் அவர் வந்தபோது என்னிடம் படம் எடுக்கச் சொல்லவில்லை. "எங்கக்காவுக்குச் சக்கரையில கண்ணு மங்கிட்டே வருது. லால்பாக்ல எடுத்தியே, அது அப்படியே இருக்கா?" என்றார். எடுத்த டேப்பை அழித்து அதிலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பது என் வழக்கம். அந்த டேப்பை மட்டும் வெட்கத்தில் தொடாமல் வைத்திருந்தேன். போட்டுக் காட்டினேன். ரோஜா இல்லை, புகை இல்லை. சிசிலியா அக்கா செடிக்கு முன்னால் அசையாமல் நின்று, ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தார்.

"வாயும் பாட்டும் பொருந்தாதுக்கா, அதான் அப்போ மறைச்சேன்" என்று இழுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்கக்காவுக்குத்தான் காதே கேக்காதே தம்பி. எதோட பொருந்தணும்?"

எதையும் வெட்டாமல் அப்படியே சிடி போட்டுக் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கோலாரிலிருந்து சிசிலியா அக்கா கடைக்குப் போன் செய்தார். பின்னால் யாரோ ஒரு பெண், சுருதி எதிலும் சேராமல், உரக்க மாதா பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். "கேக்குதா தம்பி? எங்கக்கா கடைசி வரி வரைக்கும் கூடவே பாடிட்டு, இப்ப முதல்லேர்ந்து போடச் சொல்லுது."

லைட்டு, புகை, கம்ப்யூட்டர் என்று இத்தனை வருஷம் நான் கற்ற தொழிலில் கோலாரில் இருக்கும் அந்த அம்மாவுக்குப் பயன்பட்டது, பேட்டரி களைத்துப்போன ஒரு மத்தியானம் மட்டும்தான்.