மேடையில் மட்டும் பளியர்

பச்சைச் சாயம் ஏற்றிய சணல் நாரில் பிளாஸ்டிக் இலைகளைத் தைத்த அந்தப் பாவாடை, இடுப்பில் பட்டதுமே அரிக்கத் தொடங்கியது. வேர்வையில் சாயம் இளகி, அடியில் போட்டிருந்த என் பள்ளிச் சீருடையெல்லாம் பச்சையாயிற்று. நாடகச் சாமான்களை வாடகைக்கு விடும் கடையிலிருந்து வந்த உருப்படி அது. அப்பா வேட்டியும் அரைக்கைச் சட்டையும், அம்மா சின்னாளபட்டிச் சேலையும் உடுத்தித்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் திண்டுக்கல்லில் நடந்த அந்தக் கலைவிழாவில் பழங்குடி என்றால் “எலைப் பாவாடை” கட்டியே தீரவேண்டும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

நாங்கள் பளியர். தாத்தா காலத்தில் சிறுமலையிலிருந்து இறங்கி வந்து, செம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலும் வேலையுமாகத் தங்கிவிட்ட குடும்பம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். நான் பத்தாம் வகுப்பு. மேலே படிக்கப் பழங்குடி என்ற சாதிச் சான்றிதழ் வேண்டும் என்பதால், எங்கள் வீட்டில் அப்போது சோறு, தண்ணீருக்கு அடுத்தபடியாகப் புழங்கிய சொல் “சர்ட்டிபிகேட்டு”.

“என்கொயரி” என்று சான்றிதழ் தரும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தார், என் காலணியைப் பார்த்தார்.

“ஃபேன் ஓடுது, புள்ள ஷூ போட்டுப் பள்ளிக்கூடம் போகுது. பளியருன்னு எப்படி நம்புறது? தேன் எடுக்கத் தெரியுமா?”

“எங்கப்பாவுக்குத் தெரியும் சார். நான் தேங்காதான் எடுப்பேன்” என்றார் அப்பா. அவர் உண்மையைச் சொன்னார். அந்த உண்மையையே எழுதி எங்கள் மனுவைத் தள்ளினார்கள். பழங்குடி வாழ்க்கைமுறை காணப்படவில்லையாம். நான் படித்ததும், அப்பா சட்டை போட்டதும் குற்றமாகிப் போயின.

அடுத்த மாதமே தோப்பு வாசலில் கலை பண்பாட்டுத் துறையின் ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி இளவயசுக்காரர், நல்ல மனுஷர். திண்டுக்கல் கலைவிழாவில் ஆட எங்களைக் கூப்பிட வந்திருந்தார். “உங்க ஆட்டம் அழிஞ்சு போகக் கூடாதுங்க. அதுக்குத்தான் கவர்மெண்டு இம்புட்டு செலவு பண்ணுது” என்றார். ஜப்பானில் ஐனு என்ற தொல்குடி மக்களின் பண்பாட்டை வளர்க்க ஒரு சட்டம் வந்ததையும், பண்பாடு சரி, தங்கள் நிலமும் மீன்பிடி உரிமையும் எங்கே என்று அவர்களில் பலர் கேட்டதையும் பின்னாளில் படித்தபோது, அந்த ஜீப்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கோ அன்று ஒரே கணக்கு: அரசாங்க மேடையில் ஆடிவிட்டால் அப்புறம் பளியர் இல்லையென்று யார் சொல்வது?

மாமா கொட்டு அடிக்க, வட்டமாக நின்று ஒருவரை ஒருவர் பார்த்தபடி மெதுவாக ஆடுவதுதான் எங்கள் ஆட்டம். மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். “கூட்டத்தப் பாத்து ஆடச் சொல்றாக. நாங்க எங்களுக்குள்ள பாத்துத்தான ஆடுவோம்” என்று அப்பா முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை. ‘நம் மாவட்டத்தின் தொல்குடி’ என்று ஒலிபெருக்கி முழங்கியது. முடிந்ததும் முத்திரை வைத்த பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘பளியர் பழங்குடி நடனக் குழு’ என்று அதில் அச்சாகியிருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனோம்.

“இது ஆட்டத்துக்குக் குடுத்தது. சாதிக்குக் குடுத்தது இல்ல” என்று அங்கிருந்த எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். எலைப் பாவாடை கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாமாம்.

மறுவருடம் அதே ஜீப் வந்தது. அழைப்பிதழில் எங்கள் குழுவின் பெயரை அச்சடித்தும் விட்டிருந்தார்கள். அப்பாவைத் தாண்டி அம்மா முன்னால் வந்தாள்.

“நாங்க பளியரு இல்லன்னு உங்க ஆளுகளே எழுதிக் குடுத்துருக்காகளே சார். பளியரு இல்லாதவுக பளியரு ஆட்டம் ஆடலாமா? தப்பில்லையா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சர்ட்டிபிகேட்டு ஆபீசுக்கு என்னால ஒரு கடுதாசி எழுத முடியும்மா. எழுதுறேன்” என்று சொல்லிப் போனார். விழா நிற்கவில்லை. எங்களுக்குப் பதிலாக, உடம்பெல்லாம் கரி பூசிய கல்லூரி மாணவர்கள் “ஹோய் ஹோய்” என்று குதித்ததற்கு, எங்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். கூட்டத்தில் நின்று நானே பார்த்தேன்.

அவர் சொன்னபடி எழுதினார். ஆனாலும் சான்றிதழ் கைக்கு வந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தேன், ஆசிரியர் பயிற்சிக்கான அந்த வருடச் சேர்க்கையும் முடிந்திருந்தது. வடமதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இரண்டு வருடம் நூலோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் பயிற்சிக்குப் போனேன்.

என் கல்யாணத்தன்று மாமா கொட்டை எடுத்தார். அப்பா எழுந்து இரண்டு அடி வைத்தார், சுற்றியிருந்த ஜனத்தை நிமிர்ந்து பார்த்தார், கால் நின்றுவிட்டது. “முட்டி வலிக்குதுத்தா” என்று உட்கார்ந்துகொண்டார். முட்டிவலிக்காரர் மறுநாளே தென்னை ஏறினார். அதற்குப் பிறகு அவர் ஆடவேயில்லை.

இப்போது நான் ஆசிரியை. அப்பா போய்விட்டார், மாமாவும் இல்லை. போன மாதம் பள்ளிக்கு ஒரு குறுந்தகடு வந்தது, மாவட்டத்தின் கலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லி. பளியர் ஆட்டம் என்ற தலைப்பின் கீழ் அந்தக் கல்லூரி மாணவர்கள் கரி பூசிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆடியதற்கு எங்கள் வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை.